கண்ணும் ஒரு கணக்குதான்

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. டிராஃப்ட் எனப்படும் ஆண்டுத் தேர்வில் அணிகள் எடுக்கும் இளம் ஐஸ் ஹாக்கி வீரர்களைப் பற்றிய புள்ளிவிவரக் கணிப்புகளை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, "காலில் ஸ்கேட்ஸ் கட்டியிராதவர்களெல்லாம் கால்குலேட்டரோடு டிராஃப்ட் நடத்தக் கிளம்பிவிட்டார்கள்" என்று நண்பர் ஒருவர் சொன்னதும், மற்றவர்கள் சிரித்ததும், அந்தச் சிரிப்பையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நெறியாளர் அடுத்த தலைப்புக்குத் தாவியதும் பதிவில் அப்படியே இருக்கின்றன. கோபத்தோடு எழுதக் கூடாது என்று இரவு பொறுத்திருந்தேன். காலையிலும் கோபம் தணியவில்லை.

நான் சொல்ல வந்தது மிக எளிய செய்தி. வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் டிராஃப்ட்டில் 32 அணிகள் ஏழு சுற்றுகளில் 224 பேரைத் தேர்ந்தெடுக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் 18 வயதை ஒட்டியவர்கள். அந்தப் பையன்கள் ஐந்து ஆண்டுகள் கழித்து எப்படி ஆடுவார்கள் என்பதை எவராலும் பார்க்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து வீரரை எடைபோடும் ஸ்கவுட் செய்வதும் ஊகம், எண்களை வைத்துக் கணிப்பு செய்வதும் ஊகம். கணிப்பு தன் ஊகத்தை எழுதி வைக்கிறது. தவறினால் எவ்வளவு தவறியது என்று யாரும் அளந்து பார்க்கலாம். கண்ணின் ஊகம் தவறினாலோ, "பையனுக்கு மனவுறுதி போதவில்லை" என்று பழி பையன் மீது போய்விடுகிறது.

இந்தக் கணிப்பில் மந்திரம் ஒன்றுமில்லை. ஓர் இளையோர் லீக்கிலிருந்து என்.எச்.எல்.லுக்குப் போனவர்கள் இங்கே ஆட்டத்துக்கு எத்தனை பாயிண்ட் (அடித்த கோலுக்கும், கோலடிக்க உதவியதற்கும் ஒவ்வொன்று) எடுத்தார்கள், அங்கே போனபின் எத்தனை எடுத்தார்கள் என்று ஒப்பிட்டு, அந்த லீக்குக்கு ஒரு பெருக்கெண் காண்கிறார்கள். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது: பையனின் துல்லியமான வயது என்ன, எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில் வந்த பாயிண்ட்கள் எத்தனை, யாரோடு சேர்ந்து ஒரே லைனில் களமிறங்கினான் என்பவற்றையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும். வயது சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் ஆஸ்டன் மேத்யூஸைப் பார்க்கலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டிய செப்டம்பர் 15 என்ற எல்லைக்கு இரண்டு நாள் பிந்தி, 1997 செப்டம்பர் 17 அன்று பிறந்ததால் அவர் 2015 டிராஃப்ட்டில் இடம்பெற முடியாமல் 2016இல் முதலாவதாகத் தேர்வானார். ஆகவே ஒரே டிராஃப்ட்டில் நிற்கும் இரண்டு பையன்களுக்கு இடையே ஏறக்குறைய ஓராண்டு வயது வேறுபாடு இருக்கக்கூடும். அந்த வயதில் ஓராண்டு என்பது எவ்வளவு எலும்பு, எவ்வளவு தசை! பனித்தளத்தின் ஓரத்தில் நிற்கும் கண்ணுக்கு அது "இவன் பலசாலி, அவன் மென்மையானவன்" என்றுதான் தெரிகிறது.

அலெக்ஸ் டிப்ரின்கட்டின் கதையை நேற்று சொல்ல விடவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். ஈரி ஆட்டர்ஸ் என்ற இளையோர் அணிக்காக 2014–15இல் 51 கோல்கள் அடித்தார். "பக்கத்தில் கானர் மெக்டேவிட் மாதிரி நட்சத்திரம் இருந்தால் யாரும் அடிப்பார்கள்" என்று சொல்ல இடமிருந்தது, நியாயமான ஐயம்தான். அடுத்த ஆண்டு மெக்டேவிட் என்.எச்.எல்.லின் எட்மண்டன் அணிக்குப் போய்விட்டார். டிப்ரின்கட் மறுபடியும் அதே 51 கோல்கள் அடித்தார். இதைவிடத் தெளிவான சோதனையை ஆய்வகத்தில்கூட அமைக்க முடியாது. ஆனாலும் 2016 டிராஃப்ட்டில் 38 பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகே சிகாகோ அணி அவரை எடுத்தது, ஏனெனில் அவருடைய உயரம் 5 அடி 7 அங்குலம். என்.எச்.எல்.லில் இரண்டாவது பருவத்திலேயே 41 கோல்கள் அடித்தார். அந்த 38 தேர்வுகளுக்காக எந்தக் கண்ணும் இதுவரை மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

எனக்கு இது வெறும் புத்தகச் சண்டை இல்லை. என் அக்காவின் மகன் டிசம்பர் மாதம் பிறந்தவன். கனடாவின் சிறுவர் ஹாக்கி ஜனவரி முதல் தேதியை வைத்து வயதுப் பிரிவுகளை வகுக்கிறது. அதனால் அவன் எப்போதும் தன் பிரிவின் கடைசிக் குட்டி. முந்தைய பருவத்தில் அவனுடைய அணியில் அதிக பாயிண்ட் எடுத்தவன் அவன்தான்; ஸ்கோர் தாள்கள் எல்லாவற்றையும் நான் வைத்திருந்தேன். தேர்வு முகாம் முடிந்ததும் பயிற்சியாளர், "நன்றாக ஆடுகிறான், ஆனால் சிறியவனாக இருக்கிறான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தாள்களைக் காட்டட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, "எனக்குத் தாள் வேண்டாம், கண் இருக்கிறது" என்று பதில் வந்தது. தேர்வானவர்களின் பிறந்த மாதங்களை நான் விசாரித்ததில் ஜனவரியும் பிப்ரவரியுமே திரும்பத் திரும்ப வந்தன. இப்படி ஆண்டின் பிற்பகுதியில் பிறந்த கனடிய வீரர்கள் டிராஃப்ட்டில் தம் தகுதிக்குப் பிந்தியே தேர்வாகிறார்கள் என்று 2013இல் ஆய்வு வெளிவந்தது. அதை அந்தப் பயிற்சியாளர் படித்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாளையாவது பார்த்திருக்கலாம்.

இனி, "அப்படியானால் ஸ்லாஃப்கோவ்ஸ்கி?" என்று கேட்பீர்கள். தெரியும். ஃபின்லாந்து லீக்கில் 31 ஆட்டங்களில் 10 பாயிண்ட் மட்டுமே எடுத்தவரை மாண்ட்ரியால் அணி 2022இல் முதலாவதாக எடுத்தது. பையன் நன்றாகவே ஆடுகிறார். ஆனால் அவர் ஆடியது பெரியவர்களின் லீக் என்பதையும், அவருக்கு அப்போது 17 வயது என்பதையும் உருப்படியான எந்தக் கணிப்பும் கணக்கில் கொள்ளும். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் அடித்த 7 கோல்களை வைத்துத்தானே எல்லோரும் மயங்கினீர்கள்? அந்த 7 மட்டும் ஓர் எண் இல்லையா? உங்களுக்குப் பிடித்த எண் வந்தால் அதற்குப் பெயர் கண், பிடிக்காத எண் வந்தால் அதற்குப் பெயர் கால்குலேட்டர்.

பின்னாளில் பெரும் நட்சத்திரமான டாட்சுக்கைக் கண்ணின் வெற்றியாக எடுத்துக்கொண்டு வருபவர்கள் இன்னும் வேடிக்கையானவர்கள். ஹோகன் ஆண்டர்சன் என்ற ஸ்கவுட் ரஷ்யாவில் அவரைக் கண்டுபிடித்தது உண்மை. அந்த மனிதரை நானும் வணங்குகிறேன். ஆனால் 1998இல் டாட்சுக் 171ஆவது தேர்வு. அவருக்கு முன்னால் டெட்ராய்ட் அணியே வேறு பலரை எடுத்தது. அவர் என்ன ஆவார் என்று கண்ணுக்குத் தெரிந்திருந்தால் ஆறாவது சுற்று வரை ஏன் காத்திருந்தார்கள்? அடுத்த ஆண்டு அதே அணி எடுத்த இன்னொரு நட்சத்திரம் ஸெட்டர்பர்க் 210ஆவது. ஒரு கண் கண்டதைக் கொண்டாடுகிறோம்; மற்ற அத்தனை கண்களும் தவறவிட்டதை எந்தக் கணக்கில் எழுதுவது?

எண்கள் போதாத இடத்தில் கண்தான் கைகொடுக்கும் என்று மேத்யூ ஷேஃபர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. காயத்தால் 17 லீக் ஆட்டங்கள் மட்டுமே ஆடியவரை 2025இல் முதலாவதாக எடுக்க, கண்தான் துணிவு தந்திருக்கும். கோல்காப்பாளர்களின் விஷயமும் அப்படியே; கணிப்பு அங்கே தடுமாறுகிறது. இதனாலேயே எண்ணை மட்டும் நம்புங்கள் என்று நான் எங்கும் எழுதியதில்லை. என் பழைய பதிவுகள் திறந்தே கிடக்கின்றன. ஆனால் கண்ணை மட்டும் நம்பச் சொல்பவர்கள் சிரிக்கலாம், நான் விளக்கம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

"ஸ்கேட்ஸ் கட்டியிருக்கிறாயா?" இல்லை, கட்டியதில்லை. நான் வளர்ந்த இடத்தில் நீர் உறைவதைப் பார்க்கக் குளிர்பெட்டியைத் திறக்க வேண்டும். இந்த விளையாட்டுக்குள் நான் நுழைந்தது ஸ்கோர் தாள்களின் வழியாகத்தான். ஆட்டத்தின் வேகத்தில் பக் என்ற அந்த வட்டு எங்கே போகிறதென்றே எனக்குப் புரியாதிருந்த நாட்களில், மறுநாள் காலையில் அந்த எண்களைப் படித்துத்தான் யார் என்ன செய்தார் என்று புரிந்துகொண்டேன். சிறுவயதில் ஆடிய தகுதியால் மட்டுமே பேசலாம் என்றால், கரோலினா அணியின் பொது மேலாளர் எரிக் டல்ஸ்கியிடமும் போய்ச் சொல்லுங்கள்; அவர் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, எண்களின் வழியாக அந்த நாற்காலிக்கு வந்தவர். அவரிடம் சொல்ல மாட்டீர்கள். என்னிடம் சொல்வது எளிது, நம்ம ஆள்தானே என்று சிரித்துவிட்டுப் போகலாம்.

ஒன்று செய்வோம். அடுத்த டிராஃப்ட்டுக்கு முன்பு உங்களில் எவரேனும் முதல் 50 பெயர்களைத் தேதியிட்டு வரிசையாக எழுதிப் பொதுவில் வையுங்கள். நானும் வைக்கிறேன். ஐந்து ஆண்டுகள் கழித்து இரண்டையும் எடுத்துப் பார்ப்போம். நேற்று உரக்கச் சிரித்த நண்பருக்கு இந்தப் பதிவை இணைத்திருக்கிறேன். பட்டியலைப் பின்னூட்டத்திலேயே இடலாம், கால்குலேட்டர் தேவைப்படாது.