இங்கிலாந்துல ஒரு கிராமத்துக்குப் போகணும்னா லாக்ஸ்டனுக்குப் போங்க

இங்கிலாந்து கிராமம்னாலே நம்மாளுங்க எல்லாருக்கும் ஒரே படம்தான் மனசுல வரும், தேன் கலர் கல்லு வீடு, வாசல்ல ரோஜாக்கொடி, பக்கத்துல ஒரு ஓடை. நம்ம ஊர்ல இருந்து யாராவது இங்க வந்தா உடனே காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் பைபரிக்கோ காசில் கோம்புக்கோ கூட்டிட்டுப் போறோம், பார்க்கிங் தேடியே பாதி நேரம் போயிடுது, நாலு போட்டோ எடுத்துட்டு திரும்பிடுறோம். அழகான ஊருங்கதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வந்திருக்கிறவங்க நிலம் வெச்சு சாகுபடி பண்ணினவங்கன்னா தயவுசெஞ்சு நாட்டிங்காம்ஷயர்ல இருக்கிற லாக்ஸ்டனுக்குக் கூட்டிட்டுப் போங்க. அப்பா மன்னார்குடிப் பக்கத்து விவசாயி, அவரைக் கூட்டிட்டுப் போனதுல இருந்து இதை எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்.

நியூவார்க்ல இருந்து கார்ல அரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம். சின்ன ஊரு. ஒரு சர்ச், டவ்கோட்டுன்னு ஒரு பப், அதை ஒட்டி ஊர் வரலாறு சொல்ற ஒரு சின்ன இடம், அவ்வளவுதான். ஊருக்குள்ள நுழைஞ்சதும் அப்பா முதல்ல கவனிச்சது வீடுங்களைத்தான். இங்கிலாந்துல மத்த பல இடத்துல விவசாயி வீடு அவங்கவங்க நிலத்துக்கு நடுவுல தனியா நிக்கும், இங்க அப்படி இல்ல, பண்ணை வீடுங்க எல்லாம் தெருவிலேயே வரிசையா இருக்கு, நிலம் மொத்தமும் ஊருக்கு வெளிய. நம்ம ஊரு மாதிரியே இருக்கேன்னு சொன்னாரு. அவர் சொன்னது சரிதான், காரணமும் அதேதான். ஒருத்தருக்கு நிலம் ஒரே இடத்துல இல்லாம அங்க ஒரு துண்டு இங்க ஒரு துண்டுன்னு சிதறிக் கிடக்கும்போது நடு நிலத்துல போய் வீடு கட்ட முடியாது இல்லையா.

இந்த ஊரோட விசேஷமே அந்தத் துண்டு நிலங்கதான். வெஸ்ட் ஃபீல்டு, மில் ஃபீல்டு, சவுத் ஃபீல்டுன்னு மூணு பெரிய வயக்காடு, ஒவ்வொண்ணும் உள்ள வேலியே இல்லாம திறந்து கிடக்கு, அதுக்குள்ள பல பேருக்கு நீள நீளமா துண்டு. ஒரு வருஷம் ஒரு வயக்காடு முழுக்க குளிர்காலக் கோதுமை, இன்னொண்ணுல வசந்த காலத்துல விதைக்கிற பயிரு, மூணாவது அந்தக் காலத்துல தரிசா போட்டு மாடு ஆடு மேய விட்டது. அடுத்த வருஷம் மாறும். யாரும் தனியா நான் என் இஷ்டத்துக்குப் போட்டுக்கிறேன்னு சொல்ல முடியாது. மத்திய கால இங்கிலாந்துல, முக்கியமா இந்த நடுப்பகுதியில, எக்கச்சக்கமான ஊருங்க இப்படித்தான் இருந்துச்சு. அந்த ஏற்பாடு இன்னைக்கு வரைக்கும் சாகுபடியோட சேர்த்து நடக்கிற இடம் லாக்ஸ்டன். மெஷின் ஓட்ட வசதியா துண்டுகளைப் பெருசாக்கியிருக்காங்க, ஊர் நிலத்துல ஒரு பகுதிக்கு வேலியும் வந்துடுச்சு, ஆனா அடிப்படை முறை மாறல. 1635ல மார்க் பியர்ஸ்னு ஒரு சர்வேயர் இந்த ஊரை துண்டு துண்டா அளந்து வரைஞ்ச மேப் இப்ப ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் லைப்ரரியில இருக்கு. அந்த மேப்போட பிரதியை வெச்சுக்கிட்டு இன்னைக்கும் இந்த வயக்காட்டைச் சுத்தி வரலாம்!

அப்பா ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு "இங்க வரப்பே இல்லையேம்மா, பக்கத்து ஆளு வருஷத்துக்கு ஒரு சாலு சேர்த்து ஓட்டிட்டா என்ன பண்ணுவாங்க"ன்னு கேட்டாரு. அனுபவப்பட்டவர் கேக்குற கேள்வி இது, பங்காளிச் சண்டையில பாதி இதுலதான ஆரம்பிக்குது. அதுக்கான பதில்தான் இந்த ஊர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். கோர்ட் லீட்னு இவங்களுக்குன்னு ஒரு ஊர்க்கோர்ட் இருக்கு. நவம்பர் கடைசி வாக்குல ஊர்ல இருந்தே தேர்ந்தெடுத்த ஜூரி கிளம்பி கோதுமை விதைச்ச வயக்காட்டைச் சுத்திப் பார்ப்பாங்க, யாராவது எல்லை தாண்டி பொதுப் பாதைக்குள்ளயோ அடுத்தவன் துண்டுக்குள்ளயோ உழுதிருக்காங்களான்னு பார்த்து, எல்லையில முளைக்குச்சி அடிச்சு, வாய்க்கால் தூர் எடுக்காம விட்டவங்களையும் குறிச்சுப்பாங்க. ஒரு வாரம் கழிச்சு அந்த டவ்கோட் பப்லயே கோர்ட் கூடும், தப்பு பண்ணினவங்களுக்கு அபராதம். இதை டூரிஸ்டுக்காக நடத்துற நாடகம்னு நினைச்சுடாதீங்க, 1977ல இந்த மாதிரி பழைய மேனர், அதாவது ஜமீன் மாதிரி, கோர்ட்டுகளோட அதிகாரத்தை எல்லாம் பார்லிமெண்ட் எடுத்துட்டப்ப லாக்ஸ்டனுக்கு மட்டும் விட்டு வெச்சாங்க. நிலம் உழுறவங்களே அந்த நிலத்துக்கு நீதிபதியா இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம், நினைச்சுப் பாருங்க.

அப்புறம் சைக்னு சொல்ற புல்வெளித் துண்டுங்க, உழ முடியாத சரிவு, ஈரமான இடம், அதை அப்படியே புல்லுக்கு விட்டுடுவாங்க, வருஷா வருஷம் அந்தப் புல்லை ஏலம் விடுவாங்க. பல நூறு வருஷமா ஏர் படாததால அங்க பூக்குற காட்டுப் பூவுங்க வேற எங்கயும் சுலபமா பார்க்க முடியாது. ஜூன்ல போனீங்கன்னா தெரியும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். நாம எல்லாரும் ஆஹான்னு பார்க்கிற இங்கிலீஷ் கிராமப்புறம், பச்சைப் பசேல்னு சின்னச் சின்ன வயல், சுத்தி முள்வேலி, இதுல பெரும்பகுதி அப்படியே இயற்கையா வந்தது இல்ல. என்க்ளோஷர் சட்டங்கள்னு 1604ல இருந்து 1914 வரைக்கும் 5,200க்கு மேல போட்டு 68 லட்சம் ஏக்கரை, அதாவது இங்கிலாந்துல அஞ்சுல ஒரு பங்கு நிலத்தை, வேலி கட்டி தனித்தனி ஆளுக்குன்னு ஆக்கினாங்க. பொது மேய்ச்சல்ல ஒரு மாடு, நாலு வாத்து வெச்சு பொழைச்சவன், அறுவடை முடிஞ்சதும் கதிர் பொறுக்கினவ, இவங்களுக்கு என்ன கிடைச்சுது? எழுத்துல உரிமை இல்லாதவங்களுக்கு பெரும்பாலும் ஒண்ணுமே இல்ல. விளைச்சல் கூடுச்சுன்னு சொல்லுவாங்க, கூடியிருக்கலாம், ஆனா யாரு வீட்டுக்குக் கூடுச்சுன்னு கேக்கணும். லாக்ஸ்டன் தப்பிச்சதுக்குக் காரணம்கூட பெரிய மனசு எல்லாம் இல்ல, ஊரோட ரெண்டு பெரிய நிலச்சுவான்தாருங்களுக்குள்ள ஒத்துப் போகலைன்னு சொல்றாங்க. பிறகு 1952ல இங்க நிலம் வெச்சிருந்த ஏர்ல் மான்வர்ஸ்ங்கிற பிரபு குடும்பம் அதை அரசோட விவசாயத் துறைக்கு வித்துச்சு, 1981ல மகுடத்தோட சொத்தை நிர்வகிக்கிற பொது அமைப்பான கிரவுன் எஸ்டேட் கைக்குப் போச்சு, 2020ல மறுபடியும் அதே பழைய குடும்பத்தோட தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பிடுச்சு. இப்படி ஒரு ஊரு நாட்டுக்கே சொத்தா, அரசு கையிலேயே இருந்திருக்கணும்ங்கிறது என் கருத்து. புது ஓனர் இந்த முறையைக் காப்பாத்துவாங்கன்னே நம்புறேன், ஆனா நம்பிக்கை வேற, பொதுச் சொத்து வேற.

சுத்துப்பக்கமும் பார்க்க நிறைய இருக்கு. ஊரோட வடக்கு முனையில நார்மன் காலத்துக் கோட்டையோட மண் மேடு, கட்டடம் எதுவும் இல்ல, மேல ஏறி நின்னா நாலா பக்கமும் தெரியும். பக்கத்து ஈக்ரிங் காட்டுல ரெண்டாம் உலகப் போர் நடக்கும்போது கச்சா எண்ணெய் எடுத்திருக்காங்க, 1943ல அமெரிக்காவுல இருந்து 42 பேர் ரகசியமா வந்து கிணறு தோண்டியிருக்காங்க, அவங்க தங்கினது கெல்ஹாம்ல சாமியாருங்க மடத்துல! சவுத்வெல்லுல பிராம்லி ஆப்பிள் பிறந்த தோட்டம், 1809ல மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டுன்னு ஒரு சின்னப் பொண்ணு விதை போட்டு வளர்த்த மரம், பேரு மட்டும் பின்னாடி அந்த வீட்டை வாங்கின கசாப்புக் கடைக்காரரோடது.

சவுத்வெல்லுக்குப் போனா ஒர்க்ஹவுஸை விடாதீங்க. 1824ல கட்டினது, பிழைக்க வழியில்லாம வந்தவங்களை உள்ள வெச்சு வேலை வாங்கி, புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம், புள்ளைங்க ஒரு பக்கம்னு பிரிச்சு வெச்ச இடம். 1834ல நாடு முழுக்க வந்த ஏழைச் சட்டத்துக்கு இது ஒரு முன்மாதிரி. இப்ப பழைய இடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட்ங்கிற அமைப்பு பராமரிக்குது. ஒரே நாள்ல ரெண்டையும் பார்க்கிறதா இருந்தா காலையில லாக்ஸ்டன் போயிட்டு, வயக்காட்டை நல்லா நடந்து பார்த்துட்டு, மத்தியானம் ஒர்க்ஹவுஸுக்குப் போங்க, அதே வரிசையில. முதல்ல அந்தத் திறந்த வயலைக் கண்ணால பார்த்துட்டுப் போனாத்தான் ஒர்க்ஹவுஸுல அடைஞ்சு கிடந்தவங்க எதை இழந்துட்டு வந்திருப்பாங்கன்னு விளங்கும். பஸ் ரொம்பக் கம்மி, கார் இருந்தாத்தான் வசதி, மழைக் காலமா இருந்தா முழங்கால் வரைக்கும் பூட்ஸ் எடுத்துக்கங்க, களிமண்ணு, நல்லா ஒட்டும்.