செறிவைக் கூட்டினால் எலக்ட்ரான் வரும்

ஒளி பட்டு எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவு படித்த எல்லோருக்கும் இது மனப்பாடம்: ஒளியின் அதிர்வெண், எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான குறைந்தபட்சமான பயன்தொடக்க அதிர்வெண்ணுக்குக் கீழே இருந்தால், செறிவை எவ்வளவு கூட்டினாலும் எலக்ட்ரான் வராது. பல்பு வெளிச்சத்துக்குச் சரி. ஆனால் இயற்கையின் விதி மாதிரி இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அங்கேயே பாடத்தை முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஐன்ஸ்டைனே அதே 1905 கட்டுரையில், ஒளிர்தல் பற்றிப் பேசும் இடத்தில், ஒளியின் ஆற்றல் பொட்டலங்களான குவாண்டங்கள் மிக நெருக்கமாக வந்தால் பல சேர்ந்து வேலை செய்யலாம், அப்போது ஒளிர்தலின் விதி (வெளிவரும் ஒளியின் அதிர்வெண் உள்ளே போன ஒளியினதைத் தாண்டாது என்பது) மீறப்படலாம் என்று கோடு காட்டியிருந்தார். அவர் திறந்து வைத்த கதவைப் பாடப்புத்தகம் சாத்திவிட்டது.

ஆர்கானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிரிக்க 15.76 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். டைட்டானியம் சஃபையர் லேசரின் 800 நானோமீட்டர் ஒளியில் ஒரு போட்டானிடம், அதாவது ஒரு ஒளிக் குவாண்டத்திடம், இருப்பதோ வெறும் 1.55. பாடக் கணக்குப்படி ஒன்றும் நடக்கக்கூடாது. அந்த ஒளியைச் சில பத்து ஃபெம்டோ வினாடித் (ஒரு ஃபெம்டோ என்பது வினாடியில் நூறு லட்சம் கோடியில் பத்தில் ஒரு பங்கு) துடிப்பாகச் சுருக்கிக் குவித்து, சதுர சென்டிமீட்டருக்கு 100 லட்சம் கோடி வாட் வரை கொண்டுபோனால் ஆர்கான் அயனியாகிறது. துடிப்பு குறுகலாக இருப்பது முக்கியம். நீளமான துடிப்பென்றால் உச்சச் செறிவு வருவதற்கு முன்பே, ஏறும்போதே, அணு எலக்ட்ரானை இழந்துவிடும், உச்சத்தைப் பார்க்க அணுவே மிஞ்சாது.

எப்படி நடக்கிறது? ஒரு விளக்கம், 11 போட்டான்கள் சேர்ந்து உதைக்கின்றன என்பது. இரண்டு போட்டான்களை ஒரே நேரத்தில் உட்கொள்ள முடியும் என்று மரியா கோப்பர்ட் மேயர் 1931லேயே கணக்குப் போட்டுவிட்டார், லேசர் பிறக்க இன்னும் முப்பது வருடம் இருக்கும்போது. 11 போட்டான் கணக்கு செல்லுபடியாகும் வரம்புக்குள், செறிவை இரட்டிப்பாக்கினால் அயனியாக்கம் 2-இன் 11ஆம் அடுக்காக, 2048 மடங்கு கூடும். செறிவுக்கு மதிப்பில்லை என்று சொன்னது யார்! அப்புறம் 1979இல் அகோஸ்தினி குழு செனான் அணுவில் பார்த்தது இன்னும் வேடிக்கை: வெளியே வரத் தேவையானதைவிட அதிகமாகவும் எலக்ட்ரான் போட்டானை வாங்கிக்கொள்கிறது.

இன்னொரு விளக்கம் அலைப் பக்கத்திலிருந்து வருகிறது. லேசரின் மின்புலம் அணுக்கருவின் இழுவிசைக்குப் போட்டியாக வளரும்போது, எலக்ட்ரானை அடைத்து வைத்திருக்கும் தடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து மெலிகிறது, எலக்ட்ரான் அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. போட்டானா அலையா என்று இங்கே சண்டை போடத் தேவையில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே கோட்பாட்டின் இரு முனைகள் என்று மாஸ்கோ இயற்பியலாளர் கெல்டிஷ் 1964லேயே ஒற்றை அளவுரு கொண்டு காட்டிவிட்டார்.

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான். வெளியேறிய எலக்ட்ரான் போய்விடுவதில்லை. 800 நானோமீட்டர் ஒளியின் மின்புலம் 2.67 ஃபெம்டோ வினாடிக்கு ஒரு சுற்று அடிக்கிறது. திசை மாறும்போது எலக்ட்ரானைத் திருப்பி இழுத்து, புறப்பட்ட அயனியின் மீதே மோதவிடலாம். மோதினால் இன்னொரு எலக்ட்ரானைத் தட்டிவிடலாம், இல்லையென்றால் மறுபடி ஒட்டிக்கொண்டு சேர்த்துவைத்த ஆற்றலை ஒரே போட்டானாக உமிழலாம். மேலே சொன்ன செறிவில் அது ஏறக்குறைய 35 எலக்ட்ரான் வோல்ட் வரை போகும். 1.55ஐக் கொடுத்து 35ஐ வாங்குகிறோம்! ஃபெம்டோவைவிட ஆயிரம் மடங்கு குறுகிய அட்டோ வினாடி அளவிலான ஒளித் துடிப்புகளை உருவாக்கும் முக்கியமான வழி இதுதான்.

இந்த அட்டோ வினாடித் துடிப்புகளுக்கான 2023 இயற்பியல் நோபல் அறிவிப்பின்போது 'உலகின் அதிவேகக் கேமரா' என்று எழுதியவர்களில் பலர் இந்தத் திரும்பி வரும் எலக்ட்ரானைப் பற்றி வாயே திறக்கவில்லை. எலக்ட்ரான் திரும்பி வரும் அந்த விளக்கத்தை 1993இல் தெளிவாகச் சொன்ன இயற்பியலாளர் பால் கோர்க்கமுக்கு, 2022இல் க்ரவுஸ், லூயிலியே இருவரோடும் சேர்ந்து வுல்ஃப் பரிசு கிடைத்தது. அடுத்த வருட நோபலில் க்ரவுஸும் லூயிலியேயும் இருந்தார்கள், கோர்க்கம் இல்லை, மூன்றாவது ஆளாக அகோஸ்தினி இருந்தார். அகோஸ்தினிக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று பேருக்கு மேல் தரமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் கோர்க்கம் விடுபட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.