முகம் வத்திடுச்சு, சரி. உடம்பு?

போன வாரம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். “முகம் வத்திடுச்சே, பழைய ஆளா ஆயிட்டே.” ஸ்டீராய்டால் உப்பியிருந்த முகம் இறங்கியிருப்பது உண்மைதான். ஆனால் அன்றைக்குப் பந்தியில் சாப்பிட்டு எழுந்திருக்க நான் மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் சாயங்காலம் ஐந்து மணிக்குப் படுத்தவள், மறுநாள் காலையில்தான் எழுந்தேன். தினம் 40 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட காலத்தில் என்னைத் தட்டுகூட எடுக்க விடாதவர்கள், 5க்கு இறங்கிய இப்போது “அதான் மாத்திரை குறைஞ்சிடுச்சே, இனிமே எல்லா வேலையும் பார்க்கலாம்” என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நிலைமை நேர்மாறாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். ஃபைலில் எஸ்எல்இ என்று எழுதியிருக்கும். கை விரல் மூட்டெல்லாம் வீங்கி, நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்து, மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிற நிலையில்தான் ப்ரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையை ஆரம்பித்தார்கள். அந்த மாத்திரை என்னைக் காப்பாற்றியது, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நாலைந்து நாளில் வீக்கம் வடிந்தது. ராத்திரி மூன்று மணிக்கு விழித்து சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவு தெம்பு. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்கிற மருத்துவர், முடக்குவாதத்தில் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களிலேயே அந்தப் பெண் எழுந்து நடந்துவிட்டார். 1950இல் ஹென்ச்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு. அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏறும்போது எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கிறது, இறங்குகிற கதையைத்தான் யாரும் சொல்வதில்லை.

இறங்கும்போது என்ன நடக்கிறது என்பது எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. சிறுநீரகம் இரண்டின் உச்சியிலும் தொப்பி வைத்த மாதிரி அட்ரினல் சுரப்பி இருக்கிறது. காலையில் நாம் எழுந்து நடமாட, காய்ச்சலையும் பசியையும் அலைச்சலையும் தாங்க, அதில் சுரக்கும் கார்டிசோல் என்கிற ஹார்மோன் வேண்டும். ஒரு நாளைக்கு உடம்பு தானாகச் சுரக்கிற அளவு, ஏறக்குறைய 5 மில்லிகிராம் ப்ரெட்னிசலோனுக்குச் சமம். அதைப்போல எட்டு மடங்கு வெளியிலிருந்து தினமும் வந்தால் மூளை அந்தச் சுரப்பிக்கு வேலை கொடுப்பதையே நிறுத்திவிடுகிறது. சில வாரங்கள் அப்படிப் போனாலே சுரப்பி ஓய்ந்துவிடும், மாதக்கணக்கில் போனால் சுருங்கியும் போகும். 40லிருந்து 10 வரை இறங்கும்போது எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அப்போதும் மாத்திரையே தேவைக்கு மேல்தான் இருந்தது. 7.5லிருந்து 5, 5லிருந்து கீழே என்று போகும்போதுதான் தூங்கிப்போன சுரப்பி எழுந்து மிச்சத்தைச் சுமக்க வேண்டும். அது உடனே எழுவதில்லை. சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். நடுவில் இருக்கிற அந்தக் காலத்தில்தான் நான் இருக்கிறேன்.

இந்த அசதி வேலை செய்து களைத்த அசதி இல்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் கைகால் ஈரத்துணி மாதிரி கனக்கிறது. தலை சீவக் கையைத் தூக்கினால் பாதியில் இறக்கி வைக்கத் தோன்றுகிறது. அரிவாள்மணையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிவிட்டு எழுந்திருக்க முடியாமல் மகனைக் கூப்பிட்டேன் ஒரு நாள். அப்போது எனக்கு வந்த பயம் அசதியைவிட மோசம். நோய் திரும்பி வருகிறதோ? பாதி மாத்திரையை நானே கூட்டிப் போட்டுக்கொள்ளலாமா என்று இரண்டு தடவை டப்பாவைத் திறந்து மூடியிருக்கிறேன்.

அதனால்தான் இப்போது ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். டோஸ் குறைத்த தேதி, காலையில் விரல் விறைப்பு எத்தனை நிமிடம், வாயில் புண் உண்டா, மூட்டு வலி மட்டுமா வீக்கமும் உண்டா. எனக்கு ஒவ்வொரு தடவையும் குறைத்த முதல் பத்துப் பதினைந்து நாள் உடம்பெல்லாம் வலித்து, அப்புறம் மெல்ல அடங்குகிறது, வீக்கம் இல்லை. அடங்காமல் நாளுக்கு நாள் கூடினால், வீங்கினால், காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு, தூக்கம் இதெல்லாமும் பார்க்கச் சொல்லுங்கள், எல்லா அசதிக்கும் மாத்திரைதான் காரணம் என்று இல்லை. ஸ்டீராய்டு தொடைத் தசையையே பலவீனமாக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பயறு, முட்டை எல்லாம் விடாமல் சாப்பிடுகிறேன், தினம் பதினைந்து நிமிடம் நடக்கிறேன், அதற்கு மேல் இல்லை. சமையலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுகிறேன். மாவு அரைப்பதை விட்டுவிட்டேன், கடையில் வாங்குகிறோம். மதியம் ஒரு மணி நேரம் யார் வந்தாலும் படுத்துவிடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “ஸ்டீராய்டா? உடனே நிறுத்து, எலும்பெல்லாம் போயிடும்” என்று சொல்லி நாட்டு மருந்துக்கு அனுப்புகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும்போது மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி, வாந்தி எடுத்து, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகும். டோஸ் குறைந்துகொண்டிருக்கும்போது காய்ச்சல் வந்தாலும் உடம்புக்குக் கூடுதல் கார்டிசோல் வேண்டும், அதற்கு எவ்வளவு கூட்டுவது என்று எனக்கு டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் நேராக ஆஸ்பத்திரி, ஹைட்ரோகார்டிசோன் ஊசி. அந்தச் சீட்டு எப்போதும் என் பர்ஸில் இருக்கிறது, வீட்டிலும் எல்லாருக்கும் தெரியும்.

மருத்துவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒரு குறை இருக்கிறது. “திடீர்னு நிறுத்தக் கூடாது” என்று எல்லாரும் சொல்கிறார்கள். “குறைக்கும்போது ரொம்ப அசதியாக இருக்கும், மாதக்கணக்கில் இருக்கலாம், அது உங்கள் சோம்பேறித்தனம் இல்லை” என்று எனக்கு முதலில் யாரும் சொல்லவில்லை. சீட்டு எழுதும் அந்த ஒரு நிமிடத்தில், கூட வந்திருக்கும் கணவரையோ மாமியாரையோ பார்த்து இதைச் சொல்லியிருந்தால், ஒரு வருடம் நான் குற்ற உணர்ச்சியில் இடுப்பொடிய வேலை செய்திருக்க மாட்டேன்.

கார்டிசோல் டெஸ்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: காலை எட்டு மணிக்கு, அன்றைய மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் கொடுங்கள். நான் முதல் தடவை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய், மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை கார்டிசோல் அளவு 6.8 (மைக்ரோகிராம்/டெசிலிட்டர்) வந்தது. 10க்கு மேல் வந்தால் சுரப்பி எழுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்களாம். இன்னும் மூன்று மாதம் 5 மில்லிகிராம் மாத்திரையிலேயே இருங்கள், பொங்கல் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். அடுத்த மாதம் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு மட்டும் வருகிறேன், பந்திக்கு முன்னால் கிளம்பிவிடுவேன் என்று இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். “சரிம்மா, உட்கார நல்ல நாற்காலியா போட்டு வைக்கிறேன்” என்றார் சித்தி.