கொண்டை ஊசி வளைவு இல்லாத ஊர்க்காரன் எழுதுவது

அந்தப் பட்டியலை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள், போதும், பார்த்துவிட்டேன். சைக்கிள் குழுவில் ஒருவர் "காடு, மலை, ஆற்றுப் பள்ளத்தாக்கு: தமிழ்நாட்டின் கிராவல் சைக்கிள் தடங்கள்" என்று தலைப்புப் போட்டு கொல்லிமலை, பச்சைமலை, ஏற்காடு, ஜவ்வாதுமலை என்று அடுக்கியிருக்கிறார். கிராவல் என்றால் தார் போடாத மண், சரளைப் பாதை; அதில் ஓட்டுவதற்கென்றே அகல டயர் போட்ட சைக்கிள். கீழே ஒரு பையன் "டெல்டா பக்கம் ஏதாவது இருக்கா அண்ணா" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அதற்கு "அங்க என்ன இருக்கு, வயலும் வரப்பும்தான், ஸ்கூட்டில போங்க" என்று பதில். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. பட்டியலைக்கூட விட்டுவிடலாம், எனக்கு ஆறாதது அந்தப் பொம்மைதான். அதற்கு லைக் போட்டவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள், ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தவர். சரி, நல்லா இருக்கட்டும்.

ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று தலைப்பில் எழுதிவிட்டு காவிரியை விட்டுவிட ஒரு துணிச்சல் வேண்டும்.

முதலில் அந்த மலைகளுக்கே வருவோம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவும் தார்ச்சாலை. பஸ் போகிறது, லாரி போகிறது. அதில் ஏறுவது பெரிய காரியம்தான், தொடை எரியும், மறுக்கவில்லை. ஆனால் அதில் கிராவல் எங்கே இருக்கிறது? 40 மில்லிமீட்டர் டயரைப் போட்டுக்கொண்டு தாரில் ஏறி, மேலே ஒரு செம்மண் திருப்பத்தில் சைக்கிளை சாய்த்து வைத்துப் படம் எடுத்தால் அது கிராவல் தடமாகிவிடுமா? தாரை விட்டு உண்மையிலேயே காட்டுக்குள் இறங்கினால் பல இடங்களில் காப்புக்காடு, வனத்துறை அனுமதியில்லாமல் நுழையவே கூடாது. அதைப் பற்றிப் பட்டியலில் ஒரு வரி கிடையாது.

இங்கே வந்து பாருங்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிகிறது. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு போகிறது. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் (தலைப்பு என்றால் ஆறு பிரிகிற இடத்து மதகு) வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை, பல கரைகளில் மேலே மண் பாதை. சில இடத்தில் கிராவல் அடித்திருப்பார்கள், சில இடத்தில் வெறும் வண்டல், சில இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கோரை. பாமணியாற்றுக் கரையைப் பிடித்தால் மன்னார்குடி வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் ஆற்றோடு இறங்கலாம். தலைப்பிலிருந்து கடல் முகம் வரைக்கும் ஒரு ஆற்றைத் தொடர்ந்து ஓட்டுகிற வழி உங்கள் பட்டியலில் எது என்று யாராவது சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

"காடு எங்கே இருக்கு?" படுகைக்குள் இறங்கிப் பாருங்கள். மூங்கிலும் தேக்கும் வாழையும் மண்டிக் கிடக்கிற கொள்ளிடக்கரைப் படுகையில் பகல் பன்னிரண்டு மணிக்கே கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருக்கும். அது காடில்லை என்றால் இல்லை, வைத்துக்கொள்ளுங்கள்.

"மேடே இல்லையே, எலிவேஷன் பூஜ்ஜியம்." இதுதான் எல்லாரும் சொல்வது, இதற்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்லப்போகிறேன். கிராவல் சைக்கிளுக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் 2022-இல் நடந்தது, இத்தாலியில், வெனெட்டோ பகுதியில், விசென்ஸாவில் தொடங்கி சித்தடெல்லாவில் முடிந்தது. ஆரம்பத்தில் ஒரு சின்ன ஏற்றம், அப்புறம் பெரும்பாலும் சமதளத்தில் ஆற்றங்கரை மண் பாதைகள்தான். பெல்ஜியத்துக்காரர் வெர்மீர்ஷ் ஜெயித்தார். உலகப் பட்டத்துக்கே ஆற்றங்கரை சமதளம் போதுமாக இருந்திருக்கிறது, நம் பட்டியல்காரருக்குப் போதவில்லை. அவர் தரம் அப்படி.

அப்புறம் காற்று. மேடு இல்லாத ஊரில் எதற்கு மூச்சு வாங்குகிறது என்று கேட்பவர்கள் ஆடி மாதம் திருவையாற்றிலிருந்து கல்லணையைப் பார்த்து ஓட்டிப் பார்க்கலாம். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து திருச்சி வழியாக வருகிற மேல்காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். ஒதுங்க வளைவு கிடையாது, ஏறி முடித்தால் இறக்கம் வரும் என்ற ஆறுதலும் கிடையாது. அம்மியே பறக்கும் என்கிறோம், சைக்கிள் என்ன ஆகும்?

இதைச் சொல்லும்போது ஒரு ஆளை நினைத்துக்கொள்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு முறை மலைக்குக் கூட்டமாகப் போனபோது நான் கடைசியாக வந்து சேர்ந்தேன். டீக்கடையில் எல்லார் முன்னாலும் "டெல்டாக்காரரே, சோத்தைக் குறைங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. அடுத்த ஆடியில் அவரை வம்படியாக இங்கே கூப்பிட்டேன். கிழக்கே போகும்போது பறந்தார், பாட்டெல்லாம் பாடினார். திரும்பும்போது பாதி வழியில் சைக்கிளை நெல் மூட்டை டெம்போவில் ஏற்றிவிட்டு பஸ்ஸில் போய்விட்டார். அந்தக் கதையை எந்தக் குழுவிலும் அவர் எழுதவில்லை. நானும் இவ்வளவு நாள் எழுதவில்லை.

பாம்பு இருக்கிறது, நிழல் இல்லாத இடம் இருக்கிறது, மழைக்காலத்தில் களிமண் சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு தூக்கித்தான் நடக்க வேண்டும் என்பார்கள். ஆமாம். ஐப்பசி கார்த்திகையில் வராதீர்கள். அவ்வளவுதான் அதற்குப் பதில்.

மேட்டூரை ஜனவரி 28-இல் மூடியபின் கரை காயும். மாசி, பங்குனியில் நன்றாக இருக்கும். வெயில் காலத்தில் தூர்வாரி, அள்ளிய மண்ணைக் கரையிலேயே கொட்டி வைத்திருப்பார்கள், அதில் ஓட்டிப் பழகியவனுக்கு எந்தக் கிராவலும் கிராவல்தான். முறை வைத்துத் தண்ணீர் விட்ட காலத்தில் என் அப்பா ராத்திரியில் டார்ச்சை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு இதே கரையில் தலைப்புவரை போய், மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரை எழுப்பி, தண்ணீர் திறந்தாச்சா என்று கேட்டுவிட்டு வருவார். பகலில் அதே சைக்கிளின் பின்னால் யூரியா மூட்டை. எந்த இடத்தில் மணல் இழுக்கும், எந்த மதகில் சட்டம் தூக்கிக்கொண்டு நிற்கும் என்று இன்றைக்கும் கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்வார். ஸ்கூட்டியில் போக வேண்டுமாம்!

கோபம் அந்தப் பட்டியல் மேல் மட்டும் இல்லை என்று எனக்கும் தெரிகிறது. வெளியில் இருப்பவர்களுக்கு எங்கள் ஊர் வருஷத்தில் ஒரு நாள்தான் ஞாபகம் வரும். ஜூன் 12 மேட்டூர் திறப்பா இல்லையா என்று டிவியில் ஓடும், அப்புறம் மறந்துவிடுவார்கள். 2018-இல் முக்கொம்பில் மதகுகள் அடித்துக்கொண்டு போனது, அதே வருஷம் நவம்பரில் கஜா வந்து தென்னையெல்லாம் சாய்ந்தது, அப்போது வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அழிந்தால் பார்க்க வருகிற ஊர், இருக்கும்போது "அங்க என்ன இருக்கு". மணல் லாரி ஓடி ஓடிப் பல இடத்தில் கரை தாழ்ந்துவிட்டது. கல்லணைக் கால்வாயில் பல இடத்தில் சிமென்ட் பூசியாகிவிட்டது, விவசாயிகள் வேண்டாம் என்று சொல்லியும். மிச்சமுள்ள மண் கரைகளுக்கும் ஒவ்வொன்றாகத் தார் வந்துகொண்டிருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது நல்லதுதான், பிரசவத்துக்கு ஆட்டோ வரும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மண் கரை இருக்கும்போதே வந்து ஓட்டியிருக்கலாமே என்று கேட்கிறேன்.

"இதெல்லாம் ஊர்ப் பாசம்" என்று ஒருவர் கமெண்டில் எழுதுவார். எழுதட்டும். அவர் மலையைப் பற்றி எழுதினால் ரசனை, நான் ஆற்றைப் பற்றி எழுதினால் பாசம். கொல்லிமலையில் ஆகாய கங்கையாக விழுகிற அய்யாறும் கடைசியில் காவிரிக்குத்தான் வருகிறது.

கேள்வி கேட்ட அந்தத் தம்பிக்கு: வரும் ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குத் தென்பெரம்பூர் அணையில் இருப்போம். வெண்ணாற்றுக் கரையிலேயே நீடாமங்கலம், மூணாறு தலைப்பு, அங்கே இட்லி. கியர் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை, டயர் கொஞ்சம் அகலமாக இருந்தால் போதும். நெருஞ்சியும் கருவை முள்ளும் நிறைய, டியூப்லெஸ் இல்லாதவர்கள் மாற்று டியூப் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது அறுப்பு நேரம், வைக்கோல் செயினில் சுற்றும், கத்தி ஒன்று இருக்கட்டும். கரையில் நெல் காயப் போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், மேலே ஏற்றிவிட்டு என்னிடம் திட்டு வாங்காதீர்கள். பட்டியல் போட்டவரும் வரலாம், ஸ்கூட்டியில் வந்தாலும் ஆட்சேபம் இல்லை.