செய்தித்தாளைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள்

தூரத்துக் காட்சியைப் பெரிதாக்கிக் காட்டும் பழைய டெலி லென்ஸ்களை ஒப்பிட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படத்தைத்தான் போடுகிறார்கள். சுவரில் செய்தித்தாளை ஒட்டி, நேருக்கு நேர் நின்று எடுத்து, நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிய படம். இரண்டு லென்ஸிலும் எழுத்து ஒரே மாதிரித் தெரிகிறது, அப்புறம் எதற்கு விலை கூடிய லென்ஸ் என்று முடித்துவிடுகிறார்கள். இந்தச் சோதனையை வைத்து அந்த முடிவுக்கு வரவே முடியாது என்பது என் கருத்து.

என்னிடம் நிக்கான் நிறுவனத்தின் இரண்டு நிக்கோர் 180 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ்கள் இருக்கின்றன. ஒன்று 1970-ல் அறிமுகமான நிக்கோர்-பி. மற்றது 1981-ல் வந்த ஈடி. இரண்டிலும் உள்ளே ஐந்து கண்ணாடிகள்தான். பழைய லென்ஸின் பெயரில் இருக்கும் 'பி' அந்த ஐந்தைத்தான் குறிக்கிறது. ஈடியில் கண்ணாடிகளின் அமைப்பும் மாறியது, கூடவே நிறங்களை அதிகம் பிரிக்காத சிறப்புக் கண்ணாடியும் வந்தது; 'ஈடி' என்ற பெயர் அதைத்தான் குறிக்கிறது.

சுவர்ச் சோதனையை நானும் செய்தேன். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 2.8 வரை முழுக்கத் திறந்த நிலையில் ஈடியில் எழுத்தின் கறுப்பு கொஞ்சம் அழுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். துளையைச் சுருக்கி எஃப் 5.6-க்கு வந்ததும், கோப்பின் பெயரைப் பார்க்காமல் எது எந்த லென்ஸ் என்று சொல்ல முடியவில்லை.

சரி, இப்போது அதே தாளை மேசையில் சாய்த்து வையுங்கள். டிரைபாடில் கேமராவை நிறுத்தி, எஃப் 2.8-ல் நடு வரிக்கு ஃபோகஸ் செய்யுங்கள். பழைய லென்ஸில் நடு வரி கூர்மையாகவே இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் வரிகளின் ஓரத்தில் மெல்லிய ஊதா படியும், பின்னால் இருக்கும் வரிகளில் பச்சை கசியும். கறுப்பு மையில் அச்சான எழுத்துதான், இருந்தும் பார்க்க இரண்டு மையில் அச்சடித்தது போல இருக்கும். ஈடியில் இது முழுக்க மறையவில்லை, ஆனால் தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது.

இதைப் பழைய லென்ஸின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். சாதாரணக் கண்ணாடியின் இயல்பு அது. வழக்கமான வடிவமைப்பில் இரண்டு நிறங்களை ஒரே புள்ளியில் சேர்த்துவிடலாம். மீதி நிறங்கள் கொஞ்சம் முன்னே பின்னே போய் விழும். குவியத் தூரம் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. கணக்கு) கூடக் கூட இந்த விலகலும் கூடும். அதனால்தான் 50 மி.மீ. லென்ஸில் பெரிதாகக் கண்ணில் படாத விஷயம் 180-ல் வந்து நிற்கிறது. நேருக்கு நேர் ஒட்டிய தாளில் எல்லா எழுத்தும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால், முன்னும் பின்னும் நடப்பதை அது காட்டவே காட்டாது.

கணினியில் சரிசெய்து கொள்ளலாமே என்பார்கள். படத்தின் ஓரங்களில் பக்கவாட்டில் விலகும் நிறத்தை எளிதாக நீக்கிவிடலாம், உண்மைதான். ஆனால் இந்த ஊதாவும் பச்சையும் தூரத்தைப் பொறுத்து மாறுபவை. ஊதாவை மொத்தமாக எடுக்கப் போனால் உண்மையான ஊதாப் பூவும் வெளிறிவிடும். அப்பர்ச்சரைக் குறைப்பதுதான் நல்ல வழி, ஆனால் எஃப் 2.8-க்காகத்தானே இவ்வளவு கனத்தைத் தூக்குகிறோம்?

வெள்ளை வானத்தின் முன் இலையில்லாத கிளை, வெயிலில் மின்னும் சைக்கிள் ஆரக்கால், இரவில் நட்சத்திரம் இவற்றை எடுப்பவர்கள் ஈடியைத்தான் வாங்க வேண்டும். நட்சத்திரத்தைச் சுற்றி வரும் நீல ஒளிவட்டம் எவ்வளவு பிரகாசமான படத்தையும் கெடுத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வயது லென்ஸில் வடிவமைப்பைவிட, நம் கைக்கு வந்த அந்த ஒரு லென்ஸின் நிலைதான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது. முன்பு நான் வாங்கிய ஒரு பழைய டெலியில் உள்ளே மெல்லிய புகை படிந்திருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மட்டுமே தெரியும். ஒரு மாதம் வரை அந்த வெளிறலை லென்ஸின் குணம் என்றே நம்பினேன். சுத்தம் செய்து வாங்கியதும் கறுப்பு கறுப்பாக வந்தது. ஒப்பிடும் முன் சின்ன டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் அடித்துப் பாருங்கள், ஹுட் (பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்கும் முன்பக்க வளையம்) மாட்டுங்கள், ஃபோகஸைத் திரையில் பெரிதாக்கி ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

முகம் எடுக்க நான் இன்றும் பழையதைத்தான் மாட்டுகிறேன். மென்மையான வெளிச்சத்தில், கறுப்பும் வெள்ளையும் மோதாத இடத்தில், அந்த நிறக் கசிவுக்கு வேலையே இல்லை. காதுக்குப் பின்னால் முடி மெதுவாகக் கரைந்து போகிற விதம் எனக்கு ஈடியில் இந்த அளவுக்குக் கிடைத்ததில்லை.