கல்யாணமும் கொலையும் ஒரே அலமாரியில்

"நீங்க ரமணிசந்திரன் கட்சியா, ராஜேஷ்குமார் கட்சியா?" வாசிக்கிறவர்கள் கூடுகிற இடத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். முதலாமவர் குடும்பக் காதல் நாவலுக்குப் பேர்போனவர், மற்றவர் க்ரைம் நாவலுக்கு. நான் இரண்டு கட்சியும். இரண்டையும் தனித்தனிச் சரக்காகப் பார்ப்பதே எனக்குப் புரிவதில்லை.

ஒரு குடும்பக் காதல் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஜோடி சேர்ந்துவிடும் என்று அட்டைப்படமே சொல்லிவிடுகிறது. அப்புறம் எதற்கு அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் படிக்கிறோம்? அவன் ஏன் அவளைக் கண்டாலே கடுகடுக்கிறான் என்று தெரிந்தாக வேண்டும். அவளைப் பற்றி யாரோ எதையோ சொல்லி வைத்திருக்கிறார்கள். யார்? என்ன சொன்னார்கள்? அதனால் அவர்களுக்கு என்ன லாபம்? ஒரு பழைய கடிதம், அத்தை வாய்தவறி விட்ட ஒரு சொல், கல்யாண வீட்டில் சட்டென்று நின்றுபோன ஒரு பேச்சு. நாயகி இவற்றை ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்கிறாள். இது துப்பறிதல் இல்லாமல் வேறென்ன?

க்ரைம் பக்கம் வாருங்கள். நம்முடைய மாத நாவல்களின் துப்பறிவாளர்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வந்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸுக்கும் அகதா கிறிஸ்டியின் பாய்ரோவுக்கும் இல்லாத கொடுப்பினை இது. ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்கு சுசீலா, சுபாவின் நரேந்திரனுக்கு வைஜயந்தி. பிணம் கிடந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் இவர்களுக்குள் ஒரு சீண்டல், ஒரு செல்லக் கோபம். சுசீலாவின் பனியனில் எழுதியிருக்கும் குறும்பு வாசகத்துக்காகவே புத்தகத்தைப் புரட்டியவர்கள் எத்தனை பேர்! கொலையாளி யார் என்பது பல நாவல்களில் எனக்கு மறந்தே போயிற்று. பரத்தும் சுசீலாவும் வாயாடியது மறக்கவில்லை. (சுஜாதாவின் வக்கீல் ஜோடி கணேஷ்-வசந்த் எனக்கும் உயிர்தான். ஆனால் அங்கே காதல் பெரும்பாலும் வசந்தின் வழிசலோடு முடிந்துவிடும். அது வேறு ருசி.)

ராஜேஷ்குமார் 1500க்கும் மேல் நாவல் எழுதியவர். அவருடைய இரண்டு டிராக் உத்தி அவரைப் படித்த எல்லோருக்கும் தெரியும். ஒரு அத்தியாயம் இங்கே, அடுத்தது சம்பந்தமே இல்லாத வேறெங்கோ. இரண்டும் எப்போது முட்டும் என்று கை பக்கங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அறிமுகமே இல்லாத இரண்டு பேரின் வாழ்க்கை ஒரு புள்ளியை நோக்கி நகர்வதைத்தானே காதல் கதையிலும் பார்க்கிறோம்!

இந்தக் கலப்பு மாத நாவலோடு தொடங்கியதும் இல்லை. ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' நாவலிலேயே ஒரு காதல், ஒரு கொலைப் பழி, துப்பறியும் கோவிந்தன் என்று எல்லாம் உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வில் ஒரு பெண்ணின் குடும்ப வாழ்க்கைதான் கதையே; மர்மம் அதற்குள்ளிருந்து முளைக்கிறது. 1935இல் அது சினிமாவாகவும் வந்தது. 'குடும்ப நாவல்', 'க்ரைம் நாவல்' என்று பிரித்து அடுக்கியது பிற்பாடு வந்த வியாபார வசதி.

ஒரு வருத்தம் உண்டு. இப்போது செயலிகளில் தொடராக வரும் காதல் கதைகளில் பலவற்றை ஆசையோடுதான் திறக்கிறேன். இரண்டாவது அத்தியாயத்திலேயே நாயகன் மனதில் இருப்பதை அப்படியே கொட்டிவிடுகிறார்கள். அவன் முரடன், ஆனால் அவள் மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்று நமக்கு முன்பே தெரிந்துவிட்டால் மிச்சம் இருப்பது அவன் முரட்டுத்தனம் மட்டும்தான். அதை எப்படி நூறு அத்தியாயம் ரசிப்பது? கையை ஓங்குகிறவனைக் கடைசியில் மன்னிக்கிற கதைகள் பழைய நாவல்களிலும் இருந்தன. அவை அன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நல்ல எழுத்தாளர்கள் அவன் மனதைக் கடைசிப் பத்துப் பக்கம் வரை பூட்டியே வைத்திருந்தார்கள்.

புதிதாக எழுதுகிற தங்கைகளே, உங்கள் நாயகனின் ரகசியத்தைக் கொலையாளியின் பெயரைப் போலக் காப்பாற்றுங்கள். அப்படி எழுதுகிற யாரையாவது அண்மையில் படித்திருந்தால் பெயரைக் கீழே சொல்லுங்கள், இன்றிரவே தொடங்கிவிடுகிறேன்.