நாசாவுக்கு முதல் காவலூர்

திருகோணமலைப் பெற்றாரின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது சுற்றுவது ‘நாசா பயண’ அறிவித்தல்தான். பாடசாலைப் பிள்ளைகளை ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிப்போய்க் கென்னடி விண்வெளி மையத்தைக் காட்டுவார்களாம். ஒரு பிள்ளைக்கு எத்தனை இலட்சம் என்று பார்த்ததும் சிலர் பேசாமல் இருந்துவிட்டார்கள். சிலர் எந்த நகையை அடகு வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள்.

நான் இந்தப் பயணத்துக்கு எதிரி இல்லை. 111 மீட்டர் நீளமான சற்றேர்ன் 5 ரொக்கெட் அங்கே ஒரு மண்டபத்துக்குள் படுத்திருக்கிறது. மனிதரை நிலவுக்குக் கொண்டுபோன வகை. அதன் அடியில் நின்று ஐந்து இயந்திரங்களையும் அண்ணாந்து பார்த்த பிள்ளைக்கு நியூட்டனின் மூன்றாம் விதி அதற்குப் பிறகு வெறும் பரீட்சைக் கேள்வியாக இருக்காது. யூடியூப் அதைத் தராது. சரி.

ஆனால் போவது யார்? வகுப்பில் கேள்வி கேட்டு ஆசிரியரைத் திணறடிக்கும் பிள்ளையா, காசு கட்டக்கூடிய பிள்ளையா? விசா விண்ணப்பத்துக்கே 185 டொலர், நிராகரித்தால் அது திரும்பி வராது. நேர்முகத்துக்குக் கொழும்புக்கு அலைவது வேறு. அப்புறம் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள்: விண்வெளி கொஞ்சம், மிச்சமெல்லாம் கேளிக்கைப் பூங்காவும் கடைத்தெருவும். சுற்றுலா என்று சொல்லிக் கூட்டிப்போங்கள், பிழையில்லை. விஞ்ஞானக் கல்விப் பயணம் என்று சான்றிதழ் அடித்துக் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வெளிநாடுதான் வேண்டுமென்றால் முதலில் அக்கரைக்கு, தமிழ்நாட்டுக்குப் போவோம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிறது. காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பலும் 2023 இல் தொடங்கியது, இடையிடையே நின்றாலும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது (நம் தீவகத்துக் காவலூரான ஊர்காவற்றுறை இல்லை). யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயம் 1977 இல் அங்கேயும் பதிவானது. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 இலிருந்து அங்கே நிற்கிறது. கொடைக்கானலில் நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் ஜோன் எவர்ஷெட் 1909 இல் கண்டதும் அங்கேதான். எல்லாவற்றையும் விட, பிள்ளை தமிழில் கேட்கலாம். ஃப்ளோரிடாவில் வழிகாட்டி ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லிக்கொண்டு போக, நம் பிள்ளைகளில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டு செல்ஃபி எடுப்பார்கள்.

நமக்கும் விண்வெளிக்கும் வெகுதூரம் என்று நினைக்காதீர்கள். இந்தியா ரொக்கெட் ஏவுகிற ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்குள்தான். அங்கிருந்து துருவச் சுற்றுப்பாதைக்கு, அதாவது பூமியின் துருவங்களுக்கு மேலால் சுற்றும் பாதைக்கு, கிளம்பும் பிஎஸ்எல்வி ரொக்கெட் நேரே தெற்கே போனால் இலங்கைக்கு மேலால் போகவேண்டி வரும். கழன்று விழும் பாகம் யார் தலையிலாவது விழக்கூடாதே! அதனால் முதலில் தென்கிழக்கே போய், நம் தீவைச் சுற்றி விலகி, பிறகுதான் தெற்கே திரும்பும். அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது, கொண்டுபோகக்கூடிய பாரம் குறைகிறது. அதைத் தவிர்க்கத்தான் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். உயர்தரத்தில் காவிகள் (அளவோடு திசையும் உள்ள கணியங்கள்) படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? நம் கிழக்குக் கடலுக்கு அப்பால் நடக்கிற விஷயம் இது. எந்த ரியூசன் வகுப்பிலும் யாரும் சொல்லி நான் கேள்விப்படவில்லை.

2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் திருகோணமலைக்கு மேலாலேயே போனது. உலகத்தில் சிலர் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கிற காட்சி அது. இங்கே எத்தனை வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம்?

காசுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. வாசல் வளைவுக்கும் மேடைக்கும் அனுப்புகிறவர்கள் இதற்கும் அனுப்புவார்கள், கேட்டால். ஒருவரின் ஃப்ளோரிடாச் செலவில் அக்கரைக்குப் பல பிள்ளைகள் போய்வரலாம். தெரிவுக்குப் பரீட்சை வேண்டாம். வானத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுதித் தரச் சொல்லுங்கள், நல்ல கேள்விக்கு இடம்.

அடுத்த பெற்றார் கூட்டத்தில் அதிபரிடம் இதைக் கேட்கப்போகிறேன். ஏப்ரல் விடுமுறை என்றால் மழைத் தொல்லையும் குறைவு. கூடக் கை தூக்க நாலு பேர் வந்தால் நல்லது.